புளிச்சிருக்குன்னுதானே சொன்னேன்

ஏசியக் கொஞ்சம் கொறைச்சு வைங் தம்பி. எனக்கில்லீங்க, மடியில இருக்கறதுக்கு. காத்து நேரா அடிச்சா உறங்கிப் போயிரும். பொறவு எழுப்பறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துரும்.

பூனைக்குட்டியெல்லாம் இல்லீங்க. மாவு. கண்ணாடி ஜாடில மாவு. மேல சுத்தியிருக்கறது பனியன் துணி. அந்தப் பையில இருக்கறது ரொட்டி. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க, நான் சொல்றேன். பீளமேடு ஏர்போட்டு போறதுக்குள்ள சொல்லி முடிச்சுரலாம். கூட்டீட்டு வரப் போறது யாரைன்னு கேட்டீங்கல்ல? என்ற ஊட்டுக்காரியத்தானுங்க. துளசிமணி. சிங்கப்பூர்ல மககிட்ட இருந்து வர்றா. போயி வருசம் ஒண்ணாகப் போகுது.

எம்பேரு நாச்சிமுத்துங்க. பனியன் கம்பெனில செக்கிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். செக்கிங்னாத் தெரியுமில்ல? நீங்களும் திருப்பூர்தான, தெரியாமயா இருக்கும். தெச்சு வர்ற பீஸை லைட்டுக்கு நேராப் புடிச்சுப் பாக்கோணும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் உட்டது, எது இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாத் தள்ளிரோணும். என்ற கண்ணுக்குத் தப்புன பீஸ் ஒண்ணு கிடையாதுங்க. எங்க முதலாளியே சொல்லுவாரு, "நாச்சிமுத்து கல்யாணத்துக்குப் போனா மாப்பிள்ளை சட்டைலயும் ஸ்டிக்கர் ஒட்டீட்டுத்தான் வருவாப்ல"ன்னு. பெருமையாத்தான் சொல்லுவாரு.

கண்ணு அப்பிடிப் பழகிப் போச்சுங்க. நாக்கும் அப்பிடித்தான். துளசி தட்டுல இட்லிய வெப்பா. ஒரு வாய் போடுவேன். "புளிச்சிருக்குது"ம்பேன். தோசை ஊத்துவா. "புளிச்சிருக்குது." பணியாரம் சுடுவா. "இன்னிக்கு எச்சாவே புளிச்சிருக்குது." முப்பது வருசத்துக்கு மேல இந்தப் பேச்சுத்தான். ஆனா ஒண்ணு, இத நீங்க நல்லா மனசுல வெச்சுக்கோணும். நல்லா இல்லைன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லீங்க. புளிச்சிருக்குன்னுதான் சொல்லுவேன். ரெண்டும் வேற வேற. பீஸ்ல கறை இருக்குதுன்னா கறை இருக்குதுன்னுதான் அர்த்தம். தெச்சவனைத் திட்டுன மாதிரியா?

நீங்க தலையாட்டறீங்க. அவளுக்கு இது வெளங்கலை பாருங்க.

மகளுக்குப் பிரசவம் பாக்கக் கெளம்பற அன்னைக்கு. பொட்டியெல்லாம் கட்டி வாசல்ல வெச்சாச்சு. எனக்கு நாலு நாளைக்கு ஆகட்டும்னு ஒரு பெரிய தூக்குப்போசி நெறைய மாவு ஆட்டி பிரிட்ஜ்ல வெச்சுட்டு, கையோட நாலு இட்லி ஊத்திக் குடுத்தா. நான் சாப்பிட்டேன். வாய் தன்னால சொல்லீருச்சு. "புளிச்சிருக்குது துளசி."

அவ அடுப்பை நிறுத்துனா. முந்தானைல கையத் தொடைச்சா. "இத்தன வருசத்துல நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னதுண்டா? சொன்னா வாயில இருக்கற முத்து உதிந்துருமா? ஒரு மனுசி விடியறதுக்கு முன்ன எந்திரிச்சுப் பாடுபட்டுச் செஞ்சதை, வாய் கூசாம ஒரே வார்த்தைல சொல்லிப் போடறீங்களே"ன்னா.

நான் சொன்னேன், "நல்லா இல்லைன்னா சொன்னேன்? புளிச்சிருக்குன்னுதானே சொன்னேன்."

நாயமான பதில்தானுங்களே. ஏர்போட்டு போற வரைக்கும் அவ ஒரு வார்த்தை பேசலை. பிளைட் பயம். மொத தடவை போறாளல்ல.

மூணு மாசத்துல வந்துர்றேன்னு போனவ. குழந்தைக்குத் தலை நிக்கட்டும்னா. நின்னுச்சு. தவழட்டும்னா. தவழ்ந்துச்சு. நடக்கட்டும்னா. நான் என்ன சொல்ல முடியும், பேரன் நடக்க வேண்டாம்னா சொல்றது?

இங்க என்ற நெலமையக் கேளுங்க. ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது. கடை மாவு வாங்கிப் பாத்தேன், பாக்கெட் மாவு. கருமம், புளிக்கவே இல்லீங்க. சப்புனு இருக்குது, சுண்ணாம்பைத் தின்னாப்ல. வேற கடைல வாங்குனேன். அதுவும் புளிக்கலை. புளிக்காத இட்லிய மனுசன் எப்பிடித் தின்பான்? ரெண்டு இட்லியத் தின்னுட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, யார்கிட்டச் சொல்றதுன்னு சுத்திமுத்திப் பாத்தேன். ஊட்டுல ஆளில்லை.

அந்த நேரத்துலதான் ஷெரின் வந்தா. எங்க மாடில குடியிருக்கற பொண்ணு. நாகர்கோயில்காரப் புள்ள, எக்ஸ்போர்ட் கம்பெனில டிசைனரு. நல்ல பொண்ணுங்க, வாடகை கேக்கறதுக்கு முன்ன வந்துரும். ஒரு நாள் கதவைத் தட்டி, "அங்கிள், நான் ஊருக்குப் போறேன். என் ஸ்டார்ட்டரை உங்க வீட்டுல வெச்சிட்டுப் போலாமா?"ன்னா.

எனக்கு ஸ்டார்ட்டர்னாத் தெரிஞ்சது ஒண்ணுதான். போர் மோட்டார் ஸ்டார்ட்டர். "எடுத்துட்டு வாம்மணி. சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?"ன்னு கேட்டேன். மாடிக்கு ஓடி இந்த ஜாடியத் தூக்கீட்டு வர்றா. உள்ள பசை கணக்கா என்னமோ நுரைச்சுட்டு இருக்குது. "இது உயிருள்ளது அங்கிள். தினமும் காலைல மறக்காம சாப்பாடு போடுங்க. போடலைன்னா செத்துரும்"னு சொல்லீட்டு, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ஓடிருச்சு.

சாப்பாடு போடச் சொன்னாங்கன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? நானும் அதத்தான் பண்ணுனேன். மொத நாள் ரசஞ்சோறு ஒரு கை. அடுத்த நாள் தயிர்சோறு. கருவேப்பிலை, கடுகெல்லாம் எடுத்துப் போட்டுட்டுத்தானுங்க போட்டேன், அத்தன அக்கறை. அமாவாசை அன்னைக்குக் காக்காய்க்கு வெச்சதுல கொஞ்சம் பாயசமும் ஊத்துனேன்.

அட, சிரிக்காதீங் தம்பி. லாரி வருது பாருங்க.

திரும்பி வந்த பொண்ணு ஜாடியத் தொறந்தா. மூக்கைப் புடிச்சுட்டு மாடிப் படில உக்காந்து சிரிச்சா பாருங்க, எனக்குக் கோவமே வந்துருச்சு. சாப்பாடுன்னா கோதுமை மாவும் தண்ணியுமாம். அத மொதல்லயே சொல்லியிருக்கோணுமில்ல? மாவு போடுங்கன்னா மாவு போட்டிருப்பேன். சாப்பாடுன்னா சோறு. திருப்பூர்ல இருந்து நாகர்கோயில் வரைக்கும் சோறுதான்.

ஆனா கெட்டிக்காரப் பொண்ணு. ஜாடி ஓரத்துல காஞ்சு ஒட்டியிருந்த பழைய மாவுல ஒரு துளி சொரண்டி எடுத்து, வேற ஜாடில கோதுமை மாவு, தண்ணி ஊத்திக் கலக்கி வெச்சா. ரெண்டு நாள் செத்த பொணமாக் கெடந்துச்சு. பொறவு ஒரு காலைல பாத்தா முட்டை முட்டையா நுரைக்குது. "உங்க ரசஞ்சோறைத் தாண்டிப் பொழச்சு வந்திருக்குன்னா இத ஒண்ணும் பண்ண முடியாது அங்கிள்"னு சொல்லி, பாதிய எனக்கே குடுத்துட்டா. உறை மோர் குடுக்கற மாதிரிதான்.

அப்பிடி வந்ததுதான் இது. இதை வெச்சுச் சுடற ரொட்டிக்கு சவர்டோன்னு பேருங்க. சோடா கிடையாது, கடை ஈஸ்ட் கிடையாது. இட்லி மாவு தானாப் பொங்குதில்ல, அதே கதைதான். தமிழ்ல சொன்னா புளிச்ச மாவு ரொட்டி. புளிச்ச மாவுன்னா மட்டமாத் தெரியுது, சவர்டோன்னா வெளிநாட்டுல பெரிய பேராம்.

நான் எதுக்கு இதுல எறங்குனேன்னு கேக்கறீங்க. ஒரு வீம்புதானுங்க. அடுப்படில அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாதுன்னு அவ நெனைப்பா இல்ல? ஓடும்னு காட்டோணும். மக வாங்கி பரண்ல போட்டுட்டுப் போன ஓவன் ஒண்ணு இருந்துச்சு. எறக்கித் தொடைச்சேன். ஷெரின் சொல்லச் சொல்லச் செஞ்சேன்.

மொத ரொட்டி செங்கல்லுங்க. கத்தி எறங்கலை. தெரு நாய்க்குப் போட்டேன், மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருச்சு. ரெண்டாவது, பொங்கவே இல்லை. மூணாவது, நம்மூர் வெயிலுக்குச் சும்மா இருக்குமா? ஒரு சித்த நேரம் கண்ணசந்துட்டேன், போசி தாண்டி மேடை தாண்டி தரைல ஓடிருச்சு. துளசி இருந்திருந்தா வெயில் காலத்துல மாவை எங்க வெக்கோணும்னு சொல்லியிருப்பா. ஜன்னல் பக்கம் வெக்கவே மாட்டா அவ. ஈரத்துணி சுத்தி, கீழ தரையோரமா வெப்பா. மழைன்னா அடுப்புப் பக்கம் தள்ளி வெப்பா. நான் அதெல்லாம் கவனிச்சதே இல்லைன்னு நெனைச்சுட்டு இருந்தேன். கவனிச்சிருக்கேன் போல. அவ செஞ்ச மாதிரியே செஞ்சேன், மாவு சொன்ன பேச்சு கேட்டுச்சு.

பொறவு ஒரு விசயம் இருக்குதுங்க. மாவைத் தண்ணி தொட்டுத் தொட்டு இழுத்து மடிக்கோணும். மடிச்சுட்டு, ஒரு துண்டு எடுத்து ரெண்டு கையாலயும் மெல்ல விரிச்சு லைட்டுக்கு நேராப் புடிச்சுப் பாக்கோணும். கிழியாம, வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியோணும். ஷெரின் சொன்னப்ப என்ற கை தானா மேல போயிருச்சு. ஆயுசு பூரா பண்ணுன வேலையாச்சுங்களே அது! அந்தப் பொண்ணு அசந்து போயிட்டா.

ஆனா கூத்து எங்கன்னா, வெந்த ரொட்டிய அறுத்தா உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கோணுமாம். பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை, தாறுமாறா. எவ்வளவு ஓட்டையோ அவ்வளவு தரம். ஓட்டை இருந்தா ரிஜெக்ட்னு ஸ்டிக்கர் ஒட்டுனவன், ஓட்டை உழுகலையேன்னு அடுப்படில நின்னு அழுகறேன். நெசமாவே ஒரு நாள் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க.

சுத்தமா ஒரு ரொட்டி அமைஞ்ச அன்னைக்குப் பக்கத்து ஊட்டு மயில்சாமிக்கு ஒரு துண்டு குடுத்தேன். மென்னான். மென்னுட்டு, "புளிக்குதுங்களே"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க! ஒரு மனுசன் ரெண்டு நாள் முழிச்சிருந்து பாத்துப் பாத்துச் செஞ்சதை, ஒரே வார்த்தைல புளிக்குதுங்கறான். புளிச்சாத்தான்டா அது ரொட்டின்னு சொல்லீட்டு வந்துட்டேன். அதுல இருந்து அவன்கூடப் பேச்சுவார்த்தை கிடையாது. திங்கறவனுக்குச் செஞ்சவன் கஷ்டம் தெரிய வேண்டாமுங்களா? சில பேரு அப்பிடித்தான்.

இந்த ஜாடிதானுங்க இப்ப ஊட்டுல எனக்குப் பேச்சுத் துணை. காலைல எந்திரிச்சதும் மூடியத் தொறந்து, "என்ன, சாப்பிட்டியா?"ன்னு கேப்பேன். சாயங்காலம் ஒருக்கா கேப்பேன். கேட்டுக் கேட்டு, இப்ப ஆரைப் பாத்தாலும் வாய்ல அதுதான் வருது. பால்காரனைக் கேக்கறேன், கரண்ட் பில் எடுக்க வந்த பையனைக் கேக்கறேன்.

என்ன கேட்டீங்க? துளசியக் கேட்டிருக்கனாவா? அவளப் போயி எதுக்குங்க கேக்கறது? சமைக்கறவ அவ. சட்டியே அவ கைல இருக்குது. அவ சாப்பிடாமயா இருப்பா? ...இருப்பாளா? தெரியலைங்களே. நான் சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிருவேன்.

சரி, விடுங்க. அங்க அவ ராணி மாதிரி இருக்கறா. மக சொல்றா, "அம்மா இங்க ரொம்ப சந்தோசமா இருக்காங்கப்பா"ன்னு. பக்கத்து பிளாட்டுல சீனாக்கார அம்மா ஒருத்தி. இவ இட்லியத் தின்னுட்டு ரெண்டு கட்டை வெரலையும் தூக்கிக் காட்டுனாளாம், வெரி குட்டு, வெரி குட்டுன்னு. அதைச் சொல்றதுக்குன்னே துளசி என்ற போனுக்குக் கூப்புட்டா. அதுவரைக்கும் மக பேசும்போது பின்னால இருந்து நாலு வார்த்தை சொல்றதோட சரி. அன்னைக்குத்தான் நேராக் கூப்புட்டா. கொரல்ல அத்தனை சிரிப்பு. நானும் ஆசையாத்தான் கேட்டேன், "புளிப்பு எப்பிடி இருந்துச்சு?"ன்னு. கட் ஆயிருச்சுங்க. சிங்கப்பூர் லைன் அப்பிடித்தான், நேரங்கெட்ட நேரத்துல கட்டாயிரும்.

என்ற ரொட்டிய வீடியோல மக பாத்தா. "அம்மா, இங்க வந்து பாருங்க, அப்பா பிரட் சுட்டிருக்காரு!"ன்னு கத்துனா. துளசி வந்து, கண்ணாடியப் போட்டுட்டு, உத்துப் பாத்தா. பாத்துட்டு, "அடுப்பு மேடையத் தொடைச்சாரான்னு கேளு"ன்னுட்டுப் போயிட்டா.

தொடைச்சேனுங்க. தொடைக்காம என்ன.

இப்ப அவங்கண்ணன் மக கல்யாணத்துக்கு வர்றா. பத்து நாள். திரும்பிப் போறதுக்கு டிக்கெட்டும் போட்டாச்சாம். மக சொன்னதும் உக்காந்து கணக்குப் போட்டேனுங்க. பத்து நாள்ல கல்யாணத்துக்கு நாலு நாள் போயிரும். சொந்தக்காரங்க ஊட்டுக்கு நாலு நாள். மீதி?

நேராவே சொல்றேனே தம்பி. அவ திரும்பிப் போகக்கூடாதுங்க. ஊடு ஊடா இல்லை. காலைல எந்திரிச்சா கிரைண்டர் சத்தம் இல்லை. அவ இல்லாம எனக்கு ஓடாதுங்க. ஓடுது, ஆனா ஓடலை. வாயத் தொறந்து இருன்னு கேக்க வேண்டியதுதானன்னு சொல்லுவீங்க. எப்பிடிங்க கேக்கறது? இருன்னு சொல்லிப் பழக்கமே இல்லீங்களே. அவ பாட்டுக்கு இருந்துட்டேதான இருந்தா.

அதுக்குத்தான் இந்த ரொட்டி. இத்தன நாள்ல இது மாதிரி ஒண்ணு அமைஞ்சதில்லை. மேல் ஓடு அப்பிடி ஒரு நெறம், தட்டுனா டொக்குடொக்குனு சத்தம். உள்ள ஓட்டை தெரியோணும்னு வரும்போதே அறுத்துக் கொண்டாந்துட்டேன். வாசல்ல வெச்சே ஒரு துண்டு குடுப்பேன். "துளசி, இது நான் சுட்டது"ம்பேன். ஊட்டுல இருந்து மனப்பாடம் பண்ணீட்டு வர்றேன். ஜாடியயும் எதுக்குத் தூக்கீட்டு வர்றேன்னா, ஷெரின் ஊர்ல இல்லை. தனியா உட்டுட்டு வந்தா இந்த வெயிலுக்குப் பொங்கி, பிரிட்ஜ் மேல வழிஞ்சிருக்கும். அவ வந்து மொத மொதல்ல அதையா பாக்கோணும்?

வந்தாச்சா? இதுதான் வாசலா? நீங்க வண்டிய நிறுத்தீட்டு வாங்க தம்பி. இல்லைன்னா அங்கயே இருங்க, நான் போன் போடறேன். சட்டை கசங்கியிருக்குதா பாருங்க. பின்னால? சரி.

*

ஸ்ஸ். மெல்லத் தம்பி. பின்னால தூங்கறா. கதவைச் சாத்துன ஒடனே கண்ணை மூடிட்டா. பொட்டியெல்லாம் ஏத்தியாச்சா? போலாம். பள்ளத்துல மட்டும் பாத்து எறக்குங்க.

என்ன ஆச்சா? என்னத்தச் சொல்றது போங்க.

நீங்க வண்டி எடுக்கப் போயிட்டீங்கல்ல. கண்ணாடிக் கதவு தொறக்குது, வர்றா. எளைச்சிருக்கறா. புதுசா ஒரு கைப்பை. என்னைப் பாத்துட்டா. நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேனுங்களே, "துளசி, இது நான் சுட்டது." வாயத் தொறந்தேன். இந்த ஜாடி பண்ணுன வேலை பாருங்க, பழக்க தோசத்துல என்ன வந்துச்சுங்கறீங்க? "சாப்பிட்டியா?"ன்னு வந்துருச்சு.

அவ தள்ளீட்டு வந்த வண்டிய நிறுத்தீட்டா. பின்னால வர்றவங்கெல்லாம் முட்டிட்டு நிக்கறாங்க. "என்ன கேட்டீங்க?"ங்கறா. பிளைட்ல காது அடைச்சிருக்கும் போலன்னு, எக்கி நின்னு சத்தமாச் சொன்னேன், "சாப்பிட்டியான்னு கேட்டேன்!" மறுபடியும், "ஆரு, நானா?"ங்கறா. வேற ஆரைக் கேப்பாங்க? மூக்கை வேற உறிஞ்சறா. பிளைட்ல ஏசி எச்சுங்க, சளி புடிச்சிருக்கும். கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. போயி மொதல்ல கஷாயம் வெக்கோணும்.

அப்பறம் ஓரமா நின்னு ரொட்டியக் குடுத்தேன். ஒண்ணும் சொல்லாமத்தான் குடுத்தேன். அவளே, "நீங்க சுட்டதா?"ன்னா. ஆமான்னேன். லைட்டுக்கு நேராத் தூக்கிப் புடிச்சுப் பாத்தா. செக்கிங்காரன் பொண்டாட்டியாச்சுங்களே. "ஓட்டையா இருக்குது"ன்னா. ஓட்டை இருக்கோணும், அதுதான் தரம்னு சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தா. பொறவு கடிச்சா. மென்னா, மென்னா, மென்னுட்டே இருந்தா. எக்ஸ்போர்ட் பையர் வந்து பீஸைப் பாக்கறப்பக்கூட நான் அப்பிடி ஒருத்தர் வாயப் பாத்துட்டு நின்னதில்லை.

முழுங்குனா. என்ன சொன்னாங்கறீங்க?

"புளிச்சிருக்குது."

அவ்வளவுதான் தம்பி. ஒரே வார்த்தை. நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசன் விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு, பாடுபட்டு, ஆசை ஆசையாச் செஞ்சு இத்தன தூரம் தூக்கீட்டு வந்திருக்கறான். நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிந்துருமா? வாய் கூசாம எப்பிடிங்க சொல்ல முடியுது?

...இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்குது. சரி, கெடக்கட்டும்.

டிக்கெட்டப் பத்திப் பேச்சே எடுக்கலை. பத்து நாள்ல போறாளா இல்லையான்னு நானும் கேக்கலை. கேக்கற மாதிரியா இருந்துச்சு? ரொட்டியே புளிச்சிருக்குன்னு சொல்லியாச்சு, இனி என்னத்தப் புடிச்சு நிறுத்தறது. போயிருவா தம்பி. அங்க கட்டை வெரலைத் தூக்கிக் காட்டறதுக்கு ஆளிருக்குது. எனக்கு இந்த ஜாடிதான்.

கருமத்தம்பட்டி தாண்டியாச்சா? பாத்துங்க, பாத்துங்க, ஜாடி ஆடுது...

ஐயோ, முழிச்சுட்டியா துளசி? எப்ப இருந்து முழிச்சிருக்கற? ...என்னது? ஜாடியா? இல்லை இல்லை, நானே வெச்சுக்கறேன். மூடி சரியில்லை, புடவைல... சரி, இந்தா. ரெண்டு கையாலயும் புடி. ஏசி காத்து படக் கூடாது. முந்தானைய மேல போட்டுக்கோ, ஆமா, அப்பிடித்தான்.

எதுக்குக் கைய நீட்டற? என்ன வேணும்? ரொட்டியா? இன்னொரு துண்டா?

பாத்தீங்களா தம்பி? இன்னொரு துண்டு கேக்கறா! ஏன் துளசி, நல்லா இல்லைன்னியே, பொறவு எதுக்கு...

என்ன சொல்றா பாருங்க. "நல்லா இல்லைன்னா சொன்னேன்? புளிச்சிருக்குன்னுதானே சொன்னேன்"ங்கறா.

...

ஒண்ணுமில்லீங்க. தூசி. கண்ணாடியக் கொஞ்சம் ஏத்தி உடுங்க.

தின்னு துளசி, தின்னு. இந்தா, இந்த ஓரத் துண்டைத் தின்னு, மொறுமொறுன்னு இருக்கும். ...என்ன கேட்டே? பத்து நாள்ல இதைக் கத்துக்கலாமாவா? நல்லாக் கேட்ட போ! பத்து நாள்ல என்னத்தக் கத்துக்குவ? மாவு பழகறதுக்கே பத்து நாள் பத்தாது. வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி. எனக்கே ஒழுங்கா ஓட்டை உழுகறதுக்கு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. நீ மாவுல கை பழகுனவ, உனக்கு வேணா கொஞ்சம் சுளுவா வரும். ஆனாலும் மாசக்கணக்கு ஆகும். பத்து நாள்ல முடியவே முடியாது, ஆமா. பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

என்ன சொன்ன?

கேட்டீங்களா தம்பி? இத்தன வெளக்கமாச் சொல்றேன், "அப்பச் சரி"ன்னுட்டு மறுபடியும் கண்ணை மூடிட்டா. என்னங்க இது? டிக்கெட்டப் பத்திச் சொல்லுவான்னு பாத்தா, ஒரு வார்த்தை இல்லை. அப்பச் சரின்னா என்ன அர்த்தம்? எது சரி?

ஏனுங், நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க? ரோட்டப் பாத்து ஓட்டுங் தம்பி.